டீமேக்கர் கட்டிக் காத்த ரூபாய்

இலங்கை ரூபாயை விழாமல் தாங்கிப் பிடிப்பது என்று யோகேஸ்வரன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று கைகழுவிய சூட்டோடு முடிவெடுத்தார்.

அவர் மத்திய வங்கியில் வேலை பார்த்தவர் அல்ல. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்தவர். கொழுந்தை வாட்டுவதும் அரைப்பதும் சலிப்பதுமாகத் தொழிற்சாலைக்குள்ளேயே தலைநரைத்து, ஓய்வு பெற்று, கொட்டகலையில் மெயின் ரோட்டுக்கு மேலே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தொழிற்சாலையில் அவர் தும்மினால் ரோலர் நின்றுவிடும். வீட்டில் அவர் கத்தினாலும் குக்கர் விசில் அடிப்பதை நிறுத்தாது. அதட்டி ஆள ஏதாவது ஒன்று வேண்டுமே என்று நாட்டின் பொருளாதாரத்தைக் கையில் எடுத்திருந்தார்.

"பூரணி, இங்க வா."

"அரிசி களையிறேன். அங்கேருந்தே சொல்லுங்க. உங்க சத்தம் அடுத்த ஊர் பத்தனை வரைக்கும் கேக்கும்."

"இனிமே இந்த வீட்டுல ஒரு குண்டுமணி தங்கம் வாங்கக்கூடாது."

அரிசி களைகிற சத்தம் நின்றது. பூரணி ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். ஹட்டனில் கொன்வென்டில் படித்தவள். அங்கே கற்ற இங்கிலீஷில் பாதி மறந்துவிட்டது, பூவேலைத் தையல் முழுவதும் மறந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்து உண்மையைக் கக்கவைக்கிற சிஸ்டர்மாரின் வித்தை மட்டும் கூடவே வந்துவிட்டது.

"எதுக்குங்க?"

"அரசாங்கம் டொலரை இருநூத்துச் சொச்சத்துல கட்டி வைச்சிருக்கு. நாம என்ன பண்றோம்? ஓடி ஓடிப் போய் தங்கம் வாங்குறோம். தங்கம் வெளிநாட்டுலேருந்து வருது. அதுக்கு டொலர் வெளிய போகுது. ரூவா விழுது. ஒவ்வொரு குடும்பத் தலைவனும் தங்கம் வாங்க மாட்டேன்னு நின்னா ரூவா தானா நிமிரும். இதுதான் என் கொள்கை."

"நல்ல கொள்கைங்க. அத சங்கிலியில கோத்து மாட்டுறதா, கயித்துல கோத்து மாட்டுறதா?"

"எத?"

"கொள்கையத்தான். ஆவணியில உங்க மகளுக்குக் கல்யாணம். கழுத்துல எதையாச்சும் மாட்டணுமே."

சொன்னது நியாயந்தான். மகள் சுலக்ஷனாவுக்கு டிக்கோயாவில் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை நிரோஷன், பொன்னையாவின் ஒரே மகன். அவர்கள் இத்தனை பவுன் என்று வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத்தான் கூடச் செய்யவேண்டும் என்பது பூரணியின் கட்சி. ஒரு ஆரம். பெரிதாகக்கூட வேண்டாம், பார்க்கிற மாதிரி ஒன்று. அதற்கு யோகேஸ்வரன் ஓய்வு பெற்றபோது வாங்கிய காசு இருக்கிறது. அது அவர் பேரில் மட்டும், ஹட்டனில் ஒரு வங்கியில், குளிர்காய்ந்துகொண்டிருக்கிறது.

"தங்கம் இறங்கும் பூரணி. கொஞ்சம் பொறு."

"எப்ப இறங்கும்?"

"நேரம் வரும்போது மத்திய வங்கி அறிவிக்கும்."

"அறிவிக்கிறவங்க வீட்டு அம்மாமாரும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்காங்களா, இல்ல நான் ஒருத்திதானா?"

யோகேஸ்வரன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். பெண்களுக்குப் பொருளாதாரம் புரியாது என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பியிடம் போய்ச் சொன்னார். சின்னத்தம்பிக்கும் புரியாது. ஆனால் அவர் தலையாட்டுவார். அதற்காகவே யோகேஸ்வரன் அவரிடம் போவது. வேலியோரம் நின்று ஒரு மணிநேரம் ரூபாயைத் தூக்கி நிறுத்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார்.

இப்படி ஒரு மாதம் போயிற்று. கொள்கை கல் மாதிரி நின்றது. அப்புறம் அவர் அந்தக் காசைப் போட்டிருந்த நிலையான வைப்பைப் புதுப்பிக்க ஹட்டன் வங்கிக்குப் போனார்.

அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி, கழுத்துப்பட்டியும் கறுப்புச் சப்பாத்துமாக ஒரு பெரிய மனிதர், இவரை உட்காரச் சொல்லிவிட்டு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் முப்பது வருடம் ரோலர் சத்தத்துக்குள் ஆள் பேச்சைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது யோகேஸ்வரனுடையது.

"இன்னைக்கே எடுத்துரும்மா. விலையப் பாக்காத. கட்டுன கயிறு ரொம்ப நாளைக்கு நிக்காது. எத்தனை பவுன் கிடைக்குதோ அத்தனையும் எடுத்துரு."

டெலிபோனை வைத்துவிட்டு அதிகாரி சிரித்தார். "சொல்லுங்க ஐயா. வைப்பைப் புதுப்பிக்கிறதுதானே? ரூவாய நம்பி இருக்கிற உங்கள மாதிரி ஆளுங்கதான் நாட்டுக்கு வேணும்."

யோகேஸ்வரனுக்கு ஹட்டன் குளிரில் முதுகு வியர்த்தது.

வைப்பை உடைத்தார். நேரே நகைக்கடைக்குப் போனார். நகையாக அல்ல, காசாக வாங்கினார். ஒவ்வொன்றும் ஒரு பவுன், மஞ்சளாக, வழவழவென்று, எட்டுக் காசு. கோட்டின் உள்பையில் போட்டு, பையை ஊசியால் குத்தி, பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வந்தார். நெஞ்சுவலி என்று நினைத்து ஒரு சிங்கள அம்மா எழுந்து இடம்கொடுத்தாள்.

இதைப் பூரணியிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் எந்தக் கணவன் அப்படிச் செய்திருக்கிறான்? முதலாவது, ஒரு மாதம் தொண்டை கிழியப் பேசிய கொள்கை இருக்கிறது. சின்னத்தம்பி என்ன நினைப்பார்? இரண்டாவது, பூரணி கையில் சிக்கிய தங்கம் ஆரமாகிவிடும். ஆரமானால் சேதாரம், கூலி, அப்புறம் மகள் கழுத்து, அதோடு டிக்கோயா. அவர் கணக்கு வேறு. ரூபாய் விழ விழத் தங்கம் ஏறும். ஏறி உச்சிக்குப் போனதும் பாதியை விற்றால் ஒரு த்ரீவீல் வாங்கலாம். மிச்சத்தில் ஆரம் செய்யலாம். மகளும் மினுங்குவாள், தானும் ஓடித்திரியலாம். ஊரே அவர் மூளையைப் பார்த்து வாய்பிளக்கும். அதுவரைக்கும் ரகசியம்.

எங்கே ஒளிப்பது என்பதுதான் சிக்கல். அலுமாரியின் சாவி பூரணியின் இடுப்பில். அரிசிப் பீப்பாவில் தினமும் அவள் கை. மெத்தையை வெயில் வந்தால் தூக்கிக் காயப்போடுவாள். சாமிப் படத்துக்குப் பின்னால் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துடைப்பாள். சொந்தமாகக் கட்டிய வீட்டில் தனக்கென்று ஒரு சாண் இடம் இல்லை என்பதை யோகேஸ்வரன் அன்றுதான் கண்டுபிடித்தார்.

பிறகு அண்ணாந்து பார்த்தார். குசினியில் அடுப்புக்கு மேலே உயரத்தில் ஒரு பலகை. அதில் தேயிலைப் பாக்கெட்டுகள். அவரிடம் வேலை பழகிய பையன்கள் இன்றைக்கும் அவரைப் பார்க்க வந்தால் நல்ல தூளில் அரைக்கிலோ கொண்டுவந்து மரியாதையாக வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டிலேயே அந்தப் பலகை ஒன்றுதான் அவருடைய ராஜ்ஜியம். எதை எப்போது உடைப்பது, எதில் எதைக் கலப்பது என்பதெல்லாம் அவர் சொன்னால்தான்.

பூரணி பாண் வாங்கக் கீழே கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறினார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து, காசுகளைச் சின்னப் பொலித்தீன் பையில் சுற்றி, தூளுக்கு நடுவே புதைத்து, வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டினார். அதைக் கடைசி மூலையில் வைத்தார். ஸ்டூல் ஏறிய தடயம் தெரியக்கூடாது என்று விளக்குமாறு எடுத்து மேலே இருந்த ஒட்டடையையும் அடித்துவிட்டார். குற்றம் செய்பவன் தடயத்தை அழிப்பதுதான் முறை.

பூரணி பாணோடு வந்தாள். பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஒட்டடை அடிச்சீங்களா?"

"ஆமா. ஏன், அடிக்கக் கூடாதா?"

"அடிக்கலாம் அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாணை வெட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அரசாங்கம் ரூபாயை அவிழ்த்துவிட்டது. அவிழ்த்த மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று யோகேஸ்வரனுக்கு வங்கிக்காரர் முன்பே சொல்லிவிட்டார். ஊருக்குத்தான் தெரியாது. பால்மா மறைந்தது. சமையல் காஸ் மறைந்தது. மண்ணெண்ணெய்க்குக் கேனும் கையுமாகச் சனம் ரோட்டில் நின்றது. கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். தங்கத்தின் விலையோ காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

"கேட்டீங்களா? ஹட்டன்ல பவுன் என்ன விலைன்னு தெரியுமா? அன்னைக்கே எடுங்கன்னு கெஞ்சினேன். கொள்கை, கொள்கைன்னு குந்திக்கிட்டு இருந்தீங்க. இப்ப அந்தக் காசுக்கு மூக்குத்தி வருமா?"

யோகேஸ்வரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளுக்குள் பொங்கல் பொங்கியது. திட்டு வாங்கிக்கொண்டே இத்தனை சந்தோஷமாக இருந்த கணவன் மலைநாட்டில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். அவள் எவ்வளவு பலமாகத் திட்டுகிறாளோ, அவ்வளவு விலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் அவள் கொஞ்சம் மெதுவாகத் திட்டியதும் பதறிப்போய், "ஏன், விலை இறங்கிருச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"இறங்கினா உங்களுக்கு சந்தோசம்தானே? அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"சந்தோசந்தான், சந்தோசந்தான்."

ஆனால் சந்தோஷம் என்பது பகலில் பாதி நேரந்தான். மற்றப் பாதி பயம். எலி கடித்தால்? மழை ஒழுகினால்? ஒவ்வொரு நாளும் காலையில், பூரணி குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறி, கடைசி மூலைப் பாக்கெட்டை வெளியிலிருந்து விரலால் அமுக்கிப் பார்ப்பார். தூளுக்கு நடுவே கெட்டியாக, வட்டமாகத் தட்டுப்படும். அப்பாடா என்று இறங்குவார். பூரணி மட்டும் கல்யாணத்துக்கு நாள் நெருங்குகிறதே என்று ஒன்றும் அலட்டிக்கொள்ளாமல் இருந்தது அவருக்கு ஆச்சரியந்தான். வாயால் திட்டுகிறாள், ஆனால் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறாள். பெண்களின் கவலை அவ்வளவுதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

ஒருநாள் முழுக்க மண்ணெண்ணெய்க்கு நின்று வெறுங்கேனோடு வந்து படுத்துவிட்டார். மறுநாள் காலையில் ஸ்டூலில் ஏறினால், கடைசி மூலை காலி.

பக்கத்துப் பாக்கெட்டை அமுக்கினார். மெத்தென்றிருந்தது. அடுத்தது. மெத். அதற்கடுத்தது. மெத். பலகை முழுக்க மெத்து. ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கினார்.

"பூரணி! பூரணி! இங்கிருந்த பாக்கெட் எங்க?"

தலையில் துவாயைச் சுற்றியபடி பூரணி வந்தாள். "எந்தப் பாக்கெட்டுங்க?"

"மூலையில இருந்தது."

"அதுவா? நேத்து நீங்க கியூவுல நின்னப்போ டிக்கோயாச் சம்பந்திமாரு வந்தாங்கன்னு சொன்னேனே. பந்தல்காரரப் பத்திப் பேச வந்தாங்க. போகும்போது வெறுங்கையோட எப்படி அனுப்புறது? டீமேக்கர் வீட்டுலேருந்து போறவங்க கையில ஒரு தேயிலைப் பாக்கெட் இல்லாட்டி நாளைக்கு என்ன பேசுவாங்க?"

"பலகை நிறைய இருக்கே! முன்னால இருக்கிறத எடுத்துக் குடுக்கக் கூடாதா? அந்த மூலையில போய்..."

"உள்ளுக்க இருக்கிறதுதானே பழசு. பழச முதல்ல தள்ளணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஏன் வேர்க்குது? அதுல என்ன, தேயிலைதானே? வேற ஏதும் இருந்துச்சா?"

அவள் அந்தப் பார்வையைப் பார்த்தாள். சிஸ்டர்மாரின் பார்வை. யோகேஸ்வரனின் வாய் தானாகத் திறந்தது. உயிரைப் பிடித்து மூடினார்.

"ஒன்னுமில்ல. அது கொஞ்சம்... வாட்டம் சரியில்லாத தூள். சம்பந்தி வீட்டுக்குப் போகலாமா? மானம் போயிருமே. நான் போய் மாத்திக் குடுத்துட்டு வாறேன்."

"டீசல் இல்லாம பஸ் ஓடுதா இல்லையான்னு தெரியாத நாள்ல, தூள மாத்தவா டிக்கோயாவுக்குப் போறீங்க?"

"தொழில் மரியாதை, பூரணி!"

"அப்ப சரி. குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். தடுக்கவில்லை. அதை யோசித்துப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

ஹட்டன் பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலும், கையில் நல்ல தூள் பாக்கெட்டுமாக அவர் தொங்கினார். மலைநாட்டில் ஒரு தேயிலைப் பாக்கெட் ஒரே வீட்டில் தங்கினதாகச் சரித்திரம் இல்லை. வருகிறவருக்குக் கொடுப்பார்கள், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். இந்நேரம் அது கண்டிக்குப் போயிருக்குமோ? கொழும்புக்கு? வெளிநாட்டுக்குப் போகிற எவனாவது பெட்டியில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்கிறானோ? வாழ்நாள் முழுக்கப் புகையும் தூசியும் தின்று சேர்த்தது ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. அது போனால் ஆரம் இல்லை, த்ரீவீல் இல்லை. மணவறையில் வெறுங்கழுத்தோடு மகள். சனம் அவளையும் பார்க்கும், அவரையும் பார்க்கும். அதை நினைத்தபோது மட்டும் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பக்கத்தில் தொங்கியவர், "புகை பட்டுருச்சுங்களா?" என்று கேட்டார்.

ஹட்டனில் பஸ் மாறி, டிக்கோயாவில் இறங்கி மேடு ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது, பொன்னையா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"வாங்க சம்பந்தி! என்ன ஒரு தகவலும் இல்லாம? கமலேஸ்வரி, யார் வந்திருக்காங்கன்னு பாரு. தேத்தண்ணி போடு!"

"எந்தத் தூள்ல?" என்றார் யோகேஸ்வரன். வணக்கம் சொல்லுவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

கமலேஸ்வரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க தூள்லதான் அண்ணே. நேத்தே உடைச்சிட்டேன். என்னா வாசம்!"

உடைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் மேலாகக் கரண்டியால் அள்ளியிருக்கிறார்கள். பை இன்னும் அடியில்தான் இருக்கிறது. யோகேஸ்வரன் மனதுக்குள் கணக்குப் போட்டார். தேத்தண்ணி போடப் போடத் தூள் குறையும். குறையும்போது பக்கத்தில் இருந்தால் போதும்.

பிளேன்டீ வந்தது. சீனிக்குத் தட்டுப்பாடு. ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடித்தார்கள். யோகேஸ்வரன் கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் இறக்கினார்.

"இன்னொன்னு கிடைக்குமா, தங்கச்சி? கொஞ்சம் சாயம் கூடுதலா. தூள அள்ளிப் போடுங்க, யோசிக்காதீங்க."

இரண்டாவது வந்தது. மரியாதைக்குப் பொன்னையாவும் இரண்டாவது குடித்தார். மூன்றாவது வந்தது. சீனி தீர்ந்தது. நாலாவது தார் மாதிரி வந்தது. பொன்னையா கோப்பையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சம்பந்தி, எனக்குப் பிரஷர் இருக்கு."

"நல்ல தேயிலை ஒன்னும் செய்யாது. தங்கச்சி, அந்தப் பாக்கெட்ட இங்க கொண்டாங்களேன். ஒரு சந்தேகம். தூள் ரகத்தப் பாக்கணும். சரியில்லாட்டி மாத்திக் குடுக்க வேற ஒன்னு கொண்டாந்திருக்கேன்."

கமலேஸ்வரி கணவனைப் பார்த்தாள். கணவன் அவளைப் பார்த்தார். இருவரும் மெதுவாகச் சிரித்தார்கள்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் அண்ணே" என்று அவள் உள்ளே போய், தூள் கொட்டி வைத்த டின்னையும், சாமித் தட்டிலிருந்து மஞ்சள் துணி முடிச்சொன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "தூள டின்னுல கொட்டும்போது இது விழுந்துச்சு. பாக்கெட்டுக்குள்ள காசு வைச்சுக் குடுக்கிறது உங்க பக்கத்து வழக்கமா? நல்ல வழக்கம்னு சாமிகிட்ட வைச்சிருக்கேன்."

யோகேஸ்வரனுக்கு உயிர் திரும்பியது. கிடைத்துவிட்டது! நேர்மையான குடும்பம்! இந்த வீட்டில் மகள் ராணி மாதிரி இருப்பாள்! முடிச்சை அவிழ்த்தார்.

மஞ்சளாக, வட்டமாக, எட்டுக் காசு.

எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் அரசாங்கத்தின் முத்திரை. மறுபக்கம் புரட்டினார். ஐந்து ரூபாய். அடுத்ததைப் புரட்டினார். ஐந்து ரூபாய். எட்டும் ஐந்து ரூபாய். பழைய மஞ்சள் நாணயங்கள், புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று.

இத்தனை வாரமாகக் காலையில் ஸ்டூலில் ஏறி, எலி கடிக்காமல், மழை படாமல் அவர் அமுக்கி அமுக்கிக் காத்துவந்தது இலங்கை அரசாங்கத்தின் ரூபாயை.

"என்ன அண்ணே, ஒரு மாதிரி ஆகிட்டீங்க?"

"ஒன்னுமில்ல... வழக்கந்தான். எங்க பக்கத்து வழக்கந்தான்."

"எல்லாத்தையும் யோசிச்சுச் செய்யிற ஆளுன்னு மதினி சொன்னது சரிதான். நேத்து ஆரத்தையும் காட்டினாங்க. என்னா வேலைப்பாடு! ரூவா விழப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு, ஊருக்குள்ள யாருக்கும் மூச்சு விடாம, மகளுக்காக நீங்க தங்கக் காசு வாங்கி ஒளிச்சு வைச்சீங்களாமே? சொல்லும்போது மதினிக்குக் கண்ணுல தண்ணி."

"ஆரமா?"

"தன்னடக்கத்தப் பாருங்க!" என்றார் பொன்னையா, நாலு பிளேன்டீயின் படபடப்போடு. "நீங்க மட்டும் கொழும்புல இருந்திருந்தா சம்பந்தி, ரூவா இந்தக் கதிக்கு வந்திருக்குமா? கமலேஸ்வரி, சம்பந்திக்கு இன்னொரு தேத்தண்ணி போடு!"

அவர் கொட்டகலைக்குத் திரும்பியபோது மழை பிடித்திருந்தது. குடையை டிக்கோயாவில் விட்டுவிட்டார். கொண்டுபோன தூள் பாக்கெட்டையும் விட்டுவிட்டார். வயிறு தேயிலையால் குலுங்கியது. பூரணி குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? தூள் மாத்திட்டீங்களா?"

யோகேஸ்வரன் பலகைக்குக் கீழே ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எப்படித் தெரியும்?"

"எதுங்க?"

"பூரணி!"

அவள் கீரைத் தண்டை ஒடித்தாள். "கல்யாணம் கட்டுன நாள்லேருந்து குடிச்ச கோப்பையக் கழுவுற இடத்துல வைச்சதில்ல நீங்க. அன்னைக்கு ஸ்டூல் போட்டு ஒட்டடை அடிச்சிருக்கீங்க. வேற என்ன தெரியணும்? ஏறி ஒவ்வொன்னா அமுக்கிப் பாத்தேன். நீங்க அமுக்குற மாதிரியேதான்."

"ஆரம் எப்பச் செஞ்ச?"

"நீங்க மண்ணெண்ணெய்க் கியூவுல நின்ன நாளெல்லாம் நான் ஹட்டன் பத்தர் கடையிலதான். நல்ல வேளை, அரசாங்கம் மண்ணெண்ணெய் குடுக்காம உங்கள நிக்க வைச்சிச்சு. இல்லாட்டி எனக்கு நேரம் கிடைச்சிருக்காது."

"அப்ப தினமும் என்னத் திட்டினது?"

"திட்டாம இருந்தா சந்தேகப்படுவீங்களே. அதோட, எனக்கும் பயந்தான். காசை எடுக்கலேன்னா நீங்க ஏறட்டும் ஏறட்டும்னு வைச்சிருந்து, இறங்கின பிறகு விப்பீங்க. உங்க ராசி எனக்குத் தெரியாதா? இப்ப ஏறினாலும் இறங்கினாலும் புள்ள கழுத்துல இருக்கும்." அவள் எழுந்து அலுமாரியைத் திறந்து ஆரத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "பாருங்க. நல்லாருக்கா?"

நல்லாத்தான் இருந்தது. மாங்காய்களை வரிசையாகக் கோத்த மாதிரி. சுலக்ஷனா அதைப் போட்டுக்கொண்டு நிற்பதை அவரால் பார்க்க முடிந்தது. கோபப்பட வாயெடுத்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஆனாலும் டீமேக்கர் டீமேக்கர்தான். கையில் தூக்கி எடை பார்த்தார்.

"இது எட்டுப் பவுன் இல்லையே."

"சேதாரம், கூலியெல்லாம் தங்கத்துலயே கழிச்சாச்சு. மிச்சம் ஒரு காசு இருக்கு."

யோகேஸ்வரனின் முதுகு நிமிர்ந்தது. ஒரு முழுப் பவுன்! இன்றைய விலைக்கு! த்ரீவீல் இல்லாவிட்டாலும் அதன் முன்சில்லாவது வராதா?

"எங்க வைச்சிருக்க?"

பூரணி அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். காலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பாக்கெட்டுகள். பையன்கள் வந்துபோயிருக்கவேண்டும். எல்லாவற்றின் வாயும் மெழுகுதிரியில் காட்டி ஒட்டியிருந்தது.

"அதுல ஒன்னுலதான். பத்திரமா இருக்கட்டும்னு."

"எதுல?"

"அமுக்கிப் பாத்தா தெரியாதுங்க. இந்தத் தடவை எல்லாத்துலயும் அஞ்சு ரூவா போட்டிருக்கேன்."

"விளையாடாத பூரணி. எதுலன்னு சொல்லு."

அவள் கீரையை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"நேரம் வரும்போது மத்திய வங்கி அறிவிக்கும்."